தோல் பதனிடுகிறவன் வீட்டு மாடி

எங்கள் ஆயா விடியலில் கண் விழித்தது மோதினாரின் குரலுக்கு. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் இரண்டு சந்து, ஒரு தோல் மண்டி. சுபுஹு பாங்கு காற்றில் கிளம்பியதும் என் காலில் ஒரு தட்டு விழும். "பாங்கு சொல்லிட்டாங்க, எய்ந்திருடா நைனா." லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் வாங்கிய கிழவியை ஜெபத்துக்கு எழுப்பிவிடுவது பள்ளிவாசல் என்பது அந்த வயதில் எனக்கு விசேஷமாகப் படவில்லை. வீட்டில் கடிகாரம் இருந்தது. அது ஓடாது.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சுவரோரம் முழங்கால் போட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வாள். முதலில் பரமண்டல ஜெபம். பிறகு விசுவாசப் பிரமாணம். இரண்டும் ஒரே வேகத்தில், அரிசி புடைக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் வரும். அதன் பிறகுதான் நிதானம். பெயர்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவன், புருஷனோடு கோபித்துக்கொண்டு வாணியம்பாடிக்குப் போய்விட்டவள், சினை ஆடு, சம்பளம் பிடித்து வைத்திருக்கும் சாயபு, அவருக்கு வந்த சர்க்கரை வியாதி. கடைசியில் மோதினாரும் வருவார். எனக்கு முன்னாடி எழுந்திருக்கிற அந்த பாய்க்குத் தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். மொத்தம் கால் மணி நேரம் இருக்கும். அவளுடைய "ஜெப வாழ்க்கை" அவ்வளவுதான். அப்படி ஒரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அதைப் பற்றி 3 புத்தகம் வாங்கியிருக்கிறேன். போனில் வேதாகம ஆப் ஒன்று இருக்கிறது. தொடர்ந்து எத்தனை நாள் ஜெபித்தேன் என்று அதுவே எண்ணும், ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். என் சாதனை 11 நாள். போன வருடம் ஒரு நாள் காலை 5 மணிக்கு அலாரத்தை அணைத்தேன். அணைத்த விரலிலேயே சபையின் வாட்ஸாப் குழு திறந்தது. சூரியோதயப் படத்தின் மேல் ஒரு வசனம், அதன் கீழே 40 "ஆமென்", கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். யாரோ ஒரு பாஸ்டரின் நேரலை ஜெபம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் வேறெதுவோ. 5:40-க்கு நினைவு வந்தபோது, எங்கள் ஊர் பிரியாணியை யாரோ ஒரு வெளியூர்க்காரர் தின்று சிலாகிக்கும் காணொளியில் இருந்தேன். அதே பிரியாணிக்கு விறகு மூட்டுகிற புகை என் ஜன்னலில் வந்துகொண்டிருந்தது.

சபையில் எல்லாரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: மனசு நிக்க மாட்டேங்குது, காலம் அப்படி. பிரசங்கங்களில் போன் இப்போது ஏதேன் தோட்டத்துப் பாம்பின் இடத்தைப் பிடித்துவிட்டது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. எவாக்ரியுஸ் என்ற துறவி எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்தவர். நண்பகலில் ஒரு துறவிக்கு என்ன நடக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். சூரியன் நகராமல் நிற்கிறது. பகல் 50 மணி நேரம் நீளம் என்று தோன்றுகிறது. ஜன்னலைப் பார்க்கிறான், வெளியே வந்து வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறான், எந்தச் சகோதரனாவது இந்தப் பக்கம் வருகிறானா என்று எட்டிப் பார்க்கிறான். மணலும் வானமும் தவிர ஒன்றுமே இல்லாத இடத்தில் அவன் செய்வது, நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைத் தட்டிப் பார்க்கிற அதே காரியம்தான். மனசு எந்தக் காலத்திலும் நின்றதில்லை. ஆயாவின் மனசு மட்டும் நின்றதா? பரமண்டல ஜெபத்தின் நடுவில் "பூனை, பாலு" என்று அவள் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். கத்திவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வாள்.

விட்ட சொல்லிலிருந்தே தொடர்வதற்கு, முதலில் ஒரு சொல் இருக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம் என்று எனக்கு இப்போது படுகிறது.

ஜெபம் என்ற சொல்லையே பாருங்கள். ஜபம் என்ற வடசொல்லுக்கு முணுமுணுப்பது, ஒன்றையே திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்வது என்று பொருள். கத்தோலிக்கர் அதைச் செபம் என்று எழுதி, செபமாலையையும் வைத்துக்கொண்டார்கள். சொல்லும் பொருளும் அவர்களிடம் ஒட்டியே இருக்கின்றன. புராட்டஸ்டன்டுகளான நாங்கள் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளைத் தூக்கிப் போட்டோம். திரும்பச் சொல்வது வீண்வார்த்தை, அஞ்ஞானிகள் பழக்கம் என்று கற்பித்தார்கள். சொந்த வார்த்தையில், ஒவ்வொரு முறையும் புதிதாக, உருக்கமாக ஜெபிக்க வேண்டும். ஜெபக்கூட்டத்தில் யார் நன்றாக ஜெபிப்பார் என்று ஒரு தர வரிசையே உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காலை 5 மணிக்கு, இரவு ஷிப்ட் முடித்து வந்த உடம்போடு, தினமும் புதிதாகப் பேச யாரால் முடியும்? பேச ஒன்றும் இல்லாத நாளில் ஜெபமும் இல்லாமல் போயிற்று. உணர்ச்சி வந்தால் ஜெபம், வராவிட்டால் குற்ற உணர்ச்சி. நேரமும் போயிற்று, மனப்பாடமும் போயிற்று. பெருக்கிச் சுத்தம் செய்து காலியாக வைத்த வீட்டுக்கு, விட்டுப் போன ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்த கதையை எங்கள் பிள்ளைகள் ஞாயிறுப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். போன் வந்தது அப்படிப்பட்ட காலி வீட்டுக்குத்தான்.

முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்று பலரும் கருதுகிற திதாக்கே என்ற சிறு நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு 3 தடவை சொல்லச் சொல்கிறது. உருக்கமாகச் சொல் என்றோ மனசை ஒருமுகப்படுத்து என்றோ அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று வேளை மாத்திரைச் சீட்டு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் சபைக்குள்ளேயேகூட இது இருந்தது. 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் அடுத்து ஆம்பூருக்கு வந்தது. அவர்கள் கையோடு கொண்டு வந்தது லுத்தரின் சிறிய ஞானோபதேசம். 1529-ல் எழுதப்பட்டது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கேள்வி பதில். அதன் பின்பகுதியில் காலை ஜெபம், இரவு ஜெபம் இரண்டும் உண்டு. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்லி, சின்ன ஜெபம் ஒன்று சேர்த்து, பிறகு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். இரவிலும் அதே வரிசை. முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார். அந்த "உடனே" என் கண்ணில் பட்டது 50 வயதுக்கு மேல்தான். படுத்த பின் ஒரு மணி நேரம் போனை முகத்துக்கு நேரே பிடித்திருப்பவனுக்கு அது வெறும் குறிப்புச் சொல்லாகத் தெரியவில்லை.

அதே லுத்தர் 1535-ல் தன் நாவிதருக்கு ஒரு சிறு நூல் எழுதினார், ஜெபிப்பது எப்படி என்று. விட்டன்பர்கில் அவருக்கு முடி திருத்திய பீட்டர் பெஸ்கென்டார்ஃப் கேட்டதால் எழுதியது. மனசு ஜெபத்தில் குளிர்ந்து போகும்போது தானே என்ன செய்வார் என்று அதில் சொல்கிறார்: சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ கோயிலுக்கோ போய், பத்துக் கட்டளையையும் பிரமாணத்தையும் சிறு பிள்ளைகள் ஒப்பிப்பது மாதிரி வாய்விட்டு ஒப்பிப்பாராம். சீர்திருத்தத்தின் தகப்பன் ஒப்பிக்கிறார்! நாங்கள் எந்த லுத்தரிடம் கற்றோமோ தெரியவில்லை. பிறகு நாவிதரின் தொழிலையே உதாரணமாக எடுக்கிறார். நல்ல நாவிதன் கண்ணையும் நினைப்பையும் கத்தியிலும் மயிரிலும் வைத்திருப்பான். வம்பளந்துகொண்டு வேறெங்கோ பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பவனின் மூக்கையோ வாயையோ அறுத்துவிடுவான், தொண்டைக்கே கூட வரும். ஜெபமும் அப்படித்தான் என்கிறார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு, யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அதே ஆண்டு அந்த நாவிதர் குடும்பச் சாப்பாட்டு மேசையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லுத்தர் பரிந்து பேசியதில் உயிர் தப்பி நாடு கடத்தப்பட்டார். ஜெபம் பற்றிய உலகப் புகழ் பெற்ற நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கையில் இது நடந்தது. ஏனோ எனக்கு அந்த நூலை நம்பத் தோன்றுவது இதனால்தான்.

கத்தியில் கண் வைப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. அப்பா தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற மேஸ்திரி. கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். பக்தி விஷயத்தில் அவரை உதாரணம் காட்ட முடியாது. ஆனால் தோலுக்கு முன் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். மதிய வெயில் நேரே விழாத வடக்கு ஜன்னல் ஓரம் மேசை. தோலை விரித்து, உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் பக்கமாக ஒரு நீவு. அடியிலிருந்து கட்டை விரலால் அழுத்தி மேல்பரப்பு எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார். இது உண்ணி கடித்தது, இது முள்வேலி கிழித்தது, இது சூடு போட்டது, இது அம்மை. ஓர் ஆடு வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அதில் எழுதியிருக்கும்; அப்பா விரலால் படித்து ஓரத்தில் சாக்பீஸால் எண் போடுவார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. நாளெல்லாம் நூற்றுக்கணக்கான தோல், ஒவ்வொன்றுக்கும் அதே நீவல். ஒரே செயல் திரும்பத் திரும்ப வருவதால் கவனம் மழுங்கவில்லை. அதனால்தான் கூர்மையே வந்தது.

என் மனைவி ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் மெஷினில் 20 வருடம். அப்பர் துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் மடிப்பு தடிக்கும், குறைந்தால் தையலில் கிழியும். ஒரு நாள் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், ஒரு ஜோடிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு ஜெபிப்பாளாம். "டார்கெட் ஏத்திக்கினே போறாங்க, என் ஜெபமும் ஏறிக்கினே போவுது" என்று சிரித்தாள். வனத்து அந்தோணியாரைப் பற்றி இதே போன்ற ஒரு பழங்கதை உண்டு. பாலைவனத்தில் மனம் சோர்ந்து, என்ன செய்வதென்று கேட்டவருக்கு, தன்னைப் போலவே ஒருவன் உட்கார்ந்து கயிறு திரிப்பதும், எழுந்து ஜெபிப்பதும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதும் தெரிந்ததாம். தேவதூதன் வந்து கயிறு திரித்துக் காட்டினான். என் மனைவிக்கு அந்தக் கதையைச் சொன்னபோது, அந்தத் தூதனுக்கு சூப்பர்வைசர் இல்லையே என்றாள். நியாயம்தான். டார்கெட்டை ஜெபமாலையாக்கி அழகு பார்ப்பது கடைசியில் முதலாளிக்குத்தான் வசதி. அவள் செய்வதை அவள் செய்கிறாள். அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

அப்பாவின் நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் போய் குரோம் வந்த பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லைஃப்பாய் போட்டு இரண்டு தரம் குளித்துத்தான் கோயிலுக்குப் போவார். அப்படியும் ஒரு முறை, அவர் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து முன் வரிசைக்குப் போனது. முகம் சுளிக்கக்கூட இல்லை, நாசூக்காகத்தான் போனார்கள். அதன் பிறகு அவர் கடைசி பெஞ்சுக்கு மாறினார். அங்கேதான் தூக்கம் பழகியது.

வேதத்தில் எங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்பது எனக்கு வெகு நாள் உறைக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பாவில் தங்குவது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். வீடு கடலோரம் என்று விலாசமே கொடுத்திருக்கிறது. ஏன் கடலோரம் என்று தோல் ஷாப்புக்காரன் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: தண்ணீர் வேண்டும், ஊர் மூக்குக்குத் தள்ளியும் இருக்க வேண்டும். பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கம் மட்டுமே இருக்கலாம் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அப்படித் தள்ளி வைத்த வீட்டின் மாடியில், நண்பகலில், பேதுரு ஜெபிக்க ஏறுகிறார். அங்கே அமைதி கிடைத்ததா? பசி. கீழே சமையல். கூடவே காய்கிற தோலின் வாடையும் இருந்திருக்கும் என்பது என் சேர்க்கை. ஜெபம் சிதறுகிறது; வானத்திலிருந்து இறங்குகிற விரிப்பிலும் மிருகங்களே இருக்கின்றன. அவர் பசியையும் சுற்றியிருந்த வாடையையும் எடுத்தே தரிசனம் நெய்யப்பட்டது போல இருக்கிறது எனக்கு. இது தியான மண்டபத்தில் நடந்திருக்காது.

அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. செசரியாவில் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் மாலை 3 மணி ஜெபத்தில் இருக்கிறான். மறுநாள் நண்பகல் ஜெபத்தில் பேதுரு இருக்கிறார். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஆம்பூருக்கும் வேலூருக்கும் உள்ள தூரம். ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேரும் அவரவர் வேளையைத் தவறவிடாமல் இருந்ததால், ஒருவன் அனுப்பிய ஆட்கள் மற்றவர் கதவைத் தட்டும்போது அவர் மாடியில் இருந்தார். பேதுருவுக்குத் தரிசனத்தின் பொருள் இன்னும் விளங்கவில்லை. குழம்பிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மூன்று பேர் வந்து பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள். ஜெபத்தைப் பாதியில் விட்டு இறங்கிப் போகிறார்.

வாசலில் மூன்று பேர் என்றதும் வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஐடா ஸ்கடர் நினைவு வராமல் இருக்காது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இந்தியாவே வேண்டாம் என்று அமெரிக்காவில் வாழ ஆசைப்பட்ட பெண். திண்டிவனத்தில் அப்பாவின் பங்களாவில் ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், முதலியார் ஒருவர். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தப் பெண் மருத்துவம் படித்து 1900-ல் வேலூருக்குத் திரும்பியதும், ஒற்றைக் கட்டிலில் தொடங்கியது சி.எம்.சி. மருத்துவமனை ஆனதும் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளித்தும் போயிருக்கிறது. ஆனால் இதை ஒரு ஜெபக் கதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நிம்மதியாக இருந்த ஓர் இரவை மூன்று முறை கலைத்த தட்டல் அது.

போனும் தட்டுகிறது. நாளுக்கு நூறு முறை. எந்தத் தட்டலுக்கு எழுந்து போக வேண்டும், எதை விட வேண்டும் என்று எப்படித் தெரியும்? எனக்கு விடை இல்லை. மாடியில் ஏறி இருந்தவனுக்கு வாசல் சத்தம் கேட்டது என்கிற அளவில்தான் என்னால் யோசிக்க முடிகிறது.

இளவயதில் ஒரு முறை, இதற்கெல்லாம் அமைதியான இடம்தான் மருந்து என்று நினைத்துத் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குப் போனேன். 1921-ல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மணம் முடிக்காமல், கதர் உடுத்தி, ஊராருக்கு வைத்தியம் பார்த்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்பதுதான் ஊர் வைத்த பெயர். 1932-ல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்ற சின்னண்ணன் போலீஸிடம் அடி வாங்கினார். வெள்ளைக்காரன் கதர் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அவர்கள் கட்டிய ஜெப ஆலயம் கோபுரம் வைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் என்றே நினைப்போம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். காக்கைச் சத்தம், மரங்கள், கல் குளிர்ச்சி. ஆம்பூரின் வாடை இல்லை. நான் எதிர்பார்த்த அமைதி முழுக்க அங்கே இருந்தது. அரை மணி நேரத்தில் என் மனசு வெளியே விட்ட செருப்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டது, யாராவது போட்டுக்கொண்டு போய்விட்டால் என்று. செருப்பு செய்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு வேறு என்ன நினைப்பு வரும். அன்றைக்கு எனக்குத் தோல்வியாகப் பட்டது. இப்போது யோசித்தால், அந்த இரண்டு அண்ணன்மார்களும் அமைதிக்காக அங்கே போய் உட்காரவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவர்கள் வாசலில் நாள்தோறும் நோயாளிகள் நின்றார்கள். நான் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

2015 ஜனவரி 31 விடியற்காலை. ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, கழிவுச் சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். சேதி சபையின் குழுவுக்கு வந்தது, ஜெபிப்போம் என்ற வரியோடு. வழக்கம் போல "ஆமென்" வரிசை கட்டியது. நான் போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. இரவு ஜெபம் முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கு என்ற அந்த வாக்கியம் தொண்டையில் நின்றுகொண்டது. தூங்கியவர்கள்தான் செத்தார்கள்.

ஆயாவாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? பெயரைக் கேட்டிருப்பாள். முதலில் பெயர், பிறகு எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை. அவள் ஜெபிக்கும் முன் ஊரெல்லாம் விசாரிப்பாள்; ஊர் வம்பு என்று அம்மா கோபிப்பார். மன்றாட்டு என்று நல்ல தமிழ்ச் சொல் ஒன்று கத்தோலிக்கரிடம் புழங்குகிறது. மன்றத்தில் நின்று வழக்காடுவது. இன்னொருவனுக்காக வழக்காட வேண்டுமென்றால் வழக்கு தெரிய வேண்டும், கட்சிக்காரன் பெயராவது தெரிய வேண்டும். பாலாற்றில் தோல் ஷாப் கழிவு கலந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன், யாரோ கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து, ஊர் ஊராகக் கணக்கெழுதியிருக்க வேண்டும். எங்கள் ஜெப விண்ணப்பங்கள் அவ்வளவு வேலை வாங்குவதில்லை. அனுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம்.

இப்போது என் நிலவரம் இதுதான். ஆப்பை அழித்துவிட்டேன், பெரிய துறவு ஒன்றும் இல்லை, அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போன் கீழே அரிசி டிரம் மேல் கிடக்கும். பாங்கு கேட்டதும் மாடி ஏறுகிறேன். முழங்கால் போட மூட்டு விடாததால் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்காருகிறேன். பரமண்டல ஜெபம், பிரமாணம். ஆயா வேகத்தில்தான் சொல்கிறேன். மின்கட்டணம் குறுக்கே வருகிறது, மகளின் பீஸ் வருகிறது. விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறேன். மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ராத்திரி "உடனே" என்பது பாதி நாள்தான் நடக்கிறது.

பிறகு பெயர்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கிழவிக்கு இருந்த ஞாபகம் எனக்கு இல்லை. 6:30 ஆகும்போது முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். மாடியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் தெரியும். ஒருத்தி துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். ஒருத்தியின் விரலில் தஸ்பீஹ் மணி உருளும். மூன்றாவது சீட்டில் ஒரு பெண் வாயைத் திறந்து தூங்குவாள், தினமும். அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டு எழுத வேண்டும்.

நேற்று ஏழாவது பெயரில் இருந்தேன். கீழே இரும்பு கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். எட்டிப் பார்த்தேன், எதிர்வீட்டுப் பையன், தொழுகைத் தொப்பியோடு, கையில் பிளாஸ்டிக் குடம்.

"அங்கிள், தண்ணி வந்துடுச்சி! அம்மி உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

ஐந்து நாள் ஆயிற்று தண்ணீர் வந்து. நோட்டைத் திண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.